குயின் தெருவின் சீனர் கோவில்

சிங்கப்பூரின் குயின் தெருவில் இருக்கும் புனித பேதுரு பவுல் ஆலயம் 1869-இல் தொடங்கி 1870-இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்நகருக்குள் சீனக் கத்தோலிக்கர்களுக்கென்று எழுந்த முதல் பெரிய கோவில் இது. முகப்பில் ஒற்றைக் கோபுரமும் கூரிய சிகரமும் வளைவுகள் கூடிய சன்னல்களுமாகக் கோதிக் பாணியில் கட்டப்பட்டது. சீனர் கோவில் என்று பெயர் பெற்றாலும், முதல் 18 ஆண்டுகள் அது தமிழர்களின் கோவிலாகவும் இருந்தது. பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் சொன்னால் இராயப்பர் சின்னப்பர் கோவில். நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிப் போனவர்களும், தென்சீனத் துறைமுகங்களிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்திறங்கியவர்களும் ஒரே பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்ட அந்தக் காலம், தமிழகத்தில் எழுதப்படும் புலம்பெயர்வு வரலாறுகளில் அநேகமாக இடம்பெறுவதே இல்லை.

1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளமாகச் சிங்கப்பூர் தொடங்கியதும் சீனர்கள் பெருந்திரளாக வந்தார்கள். புஜியான் மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து ஹொக்கியன் மொழி பேசுவோரும், குவாங்டாங் மாநிலத்திலிருந்து தியோச்சூ, கேண்டனீஸ், ஹக்கா மொழிகள் பேசுவோரும் வந்தார்கள். எழுத்து ஒன்று, பேச்சு வேறு வேறு. ஹொக்கியன்காரர் பேசுவது கேண்டனீஸ்காரருக்குப் புரியாது. இக்கோவிலின் கதை முழுவதும் இந்தப் பேச்சு வேறுபாட்டைச் சுற்றியே நகர்கிறது.

கத்தோலிக்கப் பணி அங்கே மெதுவாகத்தான் வேர் பிடித்தது. பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்த லொரான் அம்பேர் என்ற குரு 1821-ஆம் ஆண்டின் இறுதியில் சீனா செல்லும் வழியில் சிங்கப்பூரைப் பார்த்தார். அங்கே அவர் கண்ட கத்தோலிக்கர்கள் ஒரு டஜன் பேருக்கு மேல் இல்லை. அம்பேர் பின்னாளில் கொரியாவுக்கு ஆயராகப் போய் 1839-இல் அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். 1984-இல் புனிதர் பட்டம் பெற்றார். அவர் பார்த்துவிட்டுப் போனதற்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துத்தான், 1833-இல், பிராஸ் பாஸா சாலையில் 60 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட எளிய சிற்றாலயம் ஒன்று அமைந்தது. அதே ஆண்டையொட்டி வந்த எத்தியென் அல்பிரான் என்ற இளங்குரு சீனர்களிடையே வேலையைத் தொடங்கினார். அவர் சீன மொழி கற்றார். சீனர்களையே உபதேசியார்களாக வைத்து, அவர்கள் வழியாக மற்றவர்களைச் சேர்த்தார். குவாங்டாங்கில் பிறந்து பினாங்கு குருமடத்தில் படித்த ஜான் சூ என்ற சீனக் குருவும் பிறகு துணைக்கு வந்தார்.

அந்தப் பினாங்கு குருமடத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கிழக்காசிய மாணவர்களைக் குருக்களாக்குவதற்காக 1665-இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கிய பொதுக் குருமடம், போரும் துரத்தலும் காரணமாக ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. 1770 முதல் சுமார் பத்தாண்டுகள் அது புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் நடந்தது. சீன, வியட்நாமிய இளைஞர்கள் அந்த மீனவர் கிராமத்தில் லத்தீன் படித்தார்கள். பின்னால் மூடப்பட்ட அக்குருமடத்துக்குப் பினாங்கில் 1800-களின் முதல் பத்தாண்டில் மறுவாழ்வு கிடைத்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்களுக்குப் பூசை வைத்த உள்நாட்டுக் குருக்கள் அங்கிருந்து வந்தவர்கள்.

சீனர் ஒருவர் ஞானஸ்நானம் பெறுவது அக்காலத்தில் சாதாரண முடிவல்ல. வீட்டில் முன்னோரின் பெயர் பொறித்த மரப்பலகைக்கு ஊதுவத்தி ஏற்றிப் படையல் வைப்பது சீனக் குடும்பத்தின் அடிப்படைக் கடமை. கத்தோலிக்கர்களுக்கு அது தடை செய்யப்பட்டிருந்தது. இந்தத் தடையின் வரலாறும் புதுச்சேரியைத் தொட்டுப் போகிறது. போப்பாண்டவரின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்ட தூர்னோன் என்பவர் வழியில் புதுச்சேரியில் தங்கி, 1704-இல் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கைக்கொண்டிருந்த உள்நாட்டுச் சடங்குகளுக்கு எதிராக ஆணை பிறப்பித்தார். மதுரையில் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த வழிமுறைகள் பல அதில் அடிபட்டன. பிறகு அவரே சீனா சென்று 1707-இல் நான்ஜிங்கில் முன்னோர் வழிபாட்டையும் கன்ஃபூசியஸுக்குச் செய்யும் மரியாதையையும் கண்டித்தார். ரோமாபுரி 1742-இல் சீனச் சடங்குகளையும் 1744-இல் தமிழ்நாட்டுச் சடங்குகளையும் அடுத்தடுத்து இறுதியாகத் தடுத்தது. சீனர்களுக்கான தடை 1939-இல்தான் தளர்ந்தது. ஆகவே குயின் தெருக் கோவிலின் முதல் 70 ஆண்டுகளில் அங்கே சேர்ந்த ஒவ்வொருவரும், பெற்றோரின் நினைவுக்குச் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு வந்தவர்களே. ஊரில் இருந்த உறவினர் கண்ணில் இது நன்றிகெட்ட செயல். மதம் மாறிய கூலித் தொழிலாளிகளைச் சோற்றுக்காக மாறியவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இந்த விலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு விலையும் இருந்தது. தீவின் உட்பகுதிக் காடுகளில் தியோச்சூ சீனர்கள் மிளகும் காம்பியரும் பயிரிட்டார்கள். காம்பியர் இலையைக் கொதிக்கவைத்து இறக்கும் சாறு தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் பயன்பட்டது. கொதிக்கவைக்க விறகு வேண்டும். விறகுக்குக் காடு அழிய வேண்டும். சில ஆண்டுகளில் மண் சத்திழந்ததும் அடுத்த காட்டுக்கு நகர வேண்டும். இத்தோட்டங்களில் உழைத்தவர்கள் கப்பல் கூலியைக்கூடக் கடனாகப் பெற்று வந்தவர்கள். அவர்களுக்கு வேலை, பாதுகாப்பு, நோயில் உதவி, இறந்தால் அடக்கம் எல்லாம் இரகசியச் சங்கங்களின் கையில் இருந்தன. உறுதிமொழி எடுத்துச் சந்தா கட்டினால் சங்கம் காக்கும். கத்தோலிக்கர்கள் அந்த உறுதிமொழியை எடுக்க மறுத்தார்கள். அடைக்கலத்துக்குக் குருவிடம் போனார்கள். 1846-இல் அனத்தோல் மொதுயி என்ற குரு புக்கிட் தீமாவில் புனித சூசையப்பர் ஆலயத்தைத் தொடங்கியதும் இப்படிப்பட்ட தோட்டக்காரர்கள் அதைச் சுற்றிக் குடியேறினார்கள். சங்கங்களுக்கு வருமானமும் அதிகாரமும் கைநழுவின. தங்கள் இரகசியங்களைக் கிறிஸ்தவர்கள் அரசிடம் சொல்லிவிடுவார்கள் என்ற அச்சமும் சேர்ந்தது.

1851 பிப்ரவரியில் அது வெடித்தது. தீவின் உட்பகுதியில் கத்தோலிக்கச் சீனர்களின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. காட்டுக்குள் கலகக்காரர்களை விரட்டிக் கலைக்க, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு அங்கே தண்டனை அனுபவித்துவந்த கைதிகளையும் அரசு அனுப்பியது. சிங்கப்பூர் அப்போது கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட கம்பெனி ஊர். அதன் சாலைகளையும் பாலங்களையும் போலவே அதன் அமைதியும் இந்தியக் கைதிகளின் உழைப்பை நம்பியிருந்தது. கலகத்துக்குப் பின் கத்தோலிக்கச் சீனர்களில் பலருக்கு நகரமே பாதுகாப்பான இடமாகத் தெரிந்திருக்கும். குயின் தெருக் கோவிலுக்கு ஏன் தேவை ஏற்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, வணிகர்களின் கொடையைவிட இந்த ஆண்டின் இரத்தத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

நகரத்தில் இருந்த பெரிய கோவில் 1847-இல் திறக்கப்பட்ட நல்லாயன் பேராலயம். பழைய சிற்றாலயம் 1852-இல் பள்ளிக்கூடமாகி, புனித சூசையப்பர் கல்விக்கூடமாக வளர்ந்தது. பேராலயத்தில் ஐரோப்பியர், யூரேசியர், சீனர், தமிழர் எல்லாரும் கூடினார்கள். பூசை லத்தீனில், அது எல்லாருக்கும் ஒன்றுபோலவே அந்நியம், ஆகையால் யாருக்கும் குறையில்லை. ஆனால் பிரசங்கமும் பாவசங்கீர்த்தனமும் லத்தீனில் நடக்க முடியாது. தன் பாவத்தைத் தன் மொழியில் சொல்ல ஒருவருக்குக் காது வேண்டும். மலாயாவின் கத்தோலிக்க வரலாற்றில் கோவில்கள் இனவாரியாகப் பெருகியதற்கு நிறப் பாகுபாடு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் இந்தக் காதின் தேவை அதைவிடப் பெரிய காரணமாக இருந்தது.

அத்தகைய காது பியேர் பாரி அடிகளாருக்கு இருந்தது. 1822-இல் பிறந்த இவர் சீனர்களுக்கும் இந்தியர்களுக்கும் பொறுப்பாளராக இருந்தார். சீன மொழிகள் சிலவற்றையும் மலாயையும் தமிழையும் பேசினார். சீனர், தமிழர் இரு கூட்டத்தாருக்கும் தனிக் கோவில் வேண்டும் என்று முயன்று பணம் திரட்டி, குயின் தெருவில் பேதுரு பவுல் ஆலயத்தைக் கட்டினார். இரு கூட்டத்தையும் ஒரே மேய்ப்பர் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது ஒரு தனிமனிதரின் நாவன்மையால்தான் முடிந்தது. 1883-இல் அவர் இறந்தபின் அந்தக் கூட்டுவாழ்வு ஐந்தாண்டுகளே நீடித்தது தற்செயல் அல்ல என்றே கொள்ளலாம்.

கோவில் எழுந்த வட்டாரம் கவனிக்கத்தக்கது. குயின் தெருவுக்கு இணையாக ஓடும் வாட்டர்லூ தெருவில், கோவில் முடிந்த அதே 1870-இல், ஆலமரத்தடியில் கிருஷ்ணன் கோவில் தோன்றியது. 1878-இல் யூதர்களின் மகேன் அபோத் தொழுகைக் கூடமும், 1884-இல் சீனர்களின் குவான் இம் கோவிலும் அங்கே வந்தன. சில நிமிட நடைத் தொலைவுக்குள் இத்தனையும். குவான் இம் கோவிலின் ஊதுவத்திப் புகை கத்தோலிக்கச் சீனருக்கு விலக்கப்பட்ட புகை. ஆனாலும் தினமும் அதைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

கோவிலின் குடும்பங்கள் எப்படி உருவாயின என்பதும் சொல்ல வேண்டியது. சீனாவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் மிகக் குறைவு. விக்டோரியா தெருவில் 1854-இல் பிரெஞ்சுக் கன்னியர்கள் தொடங்கிய மடம், வாசலில் விடப்பட்ட பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தது. அப்படி வளர்ந்த பெண்களைக் கத்தோலிக்கச் சீன இளைஞர்களுக்குக் கன்னியர்கள் மணமுடித்துக் கொடுத்தார்கள். கைவிடப்பட்ட பெண்ணும் சங்கத்தைக் கைவிட்டு வந்த ஆணும் சேர்ந்து அமைத்த குடும்பங்களே பல கத்தோலிக்கச் சீன வம்சங்களின் வேர். இன்னொரு பக்கம், செல்வம் சேர்த்த தியோச்சூ வணிகர்களும் வந்தார்கள். லோ கியோக் சியாங், சான் டெக் ஹீ போன்ற கத்தோலிக்க வணிகர்கள் சிங்கப்பூரிலும் பாங்காக்கிலும் கடை நடத்தினார்கள். பாங்காக்கிலும் இதே பாரிஸ் மிஷன் சபையின் கோவில்கள் இருந்ததால் வணிகமும் திருமண உறவும் ஒரே வலையில் ஓடின.

தமிழர்களே முதலில் பிரிந்தார்கள். 1880-களில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் எண்ணிக்கை கூடியது. பாரிஸ் மிஷன் சபையின் கையில்தான் புதுச்சேரி மறைமாவட்டமும் இருந்தது; அங்கே தமிழ் பழகிய குருக்கள் சிங்கப்பூருக்குக் கிடைத்தார்கள். மெனுவ்ரியே அடிகளார் தலைமையில் ஓஃபிர் சாலையில் 1886-இல் அடிக்கல் நாட்டப்பட்ட லூர்து மாதா கோவில் 1888-இல் திறக்கப்பட்டது. பிரான்சிலுள்ள லூர்து ஆலயமே அதற்கு மாதிரி. லூர்து மாதா பக்தி அதற்குள் தமிழகத்தில் வேர்விட்டிருந்தது. புதுச்சேரி அருகே வில்லியனூரில் 1877-இலேயே லூர்து அன்னைக்குக் கோவில் எழுந்திருந்தது. கரைக்கு அப்பால் போனவர்களுக்கு அந்த மாதா புதியவள் அல்ல. அதே 1888-இல் மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் நிறுவப்பட்டு, எடுவார் காஸ்னியே அதன் ஆயரானார். அந்த ஆண்டு முதல் குயின் தெருக் கோவில் முழுக்கச் சீனர் கோவிலானது. 1890-களின் தொடக்கத்தில் அது விரிவுபடுத்தப்பட்டது.

இவற்றுக்கு அருகிலேயே, விக்டோரியா தெருவில், போர்த்துகீசிய மிஷனின் சூசையப்பர் ஆலயம் தனி ஆட்சியில் இயங்கியது. போர்த்துகல் அரசரின் பழைய உரிமைக்கும் ரோமாபுரி நேரடியாக அனுப்பிய மிஷன்களுக்கும் இடையே இருந்த அந்த வழக்கு சென்னை வாசகருக்குப் புதிதல்ல. மயிலாப்பூரும் மதராஸும் இரண்டு தனி மறைமாவட்டங்களாக இருந்து 1952-இல்தான் ஒன்றாயின.

அடுத்த பிரிவு சீனர்களுக்குள்ளேயே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேண்டனீஸ், ஹக்கா மொழிக்காரர்கள் பெருகினார்கள். தியோச்சூவில் நடந்த பிரசங்கம் அவர்களுக்குப் பயன்படவில்லை. கசோ அடிகளார் அவர்களுக்காக டேங்க் சாலையில் திரு இருதய ஆலயத்தை 1910-இல் நிறுவினார். அதை வடிவமைத்தவர் கட்டடக் கலை அறிந்த குருவான சார்ல்ஸ் நேன். தைப்பூசக் காவடிகள் போய்ச் சேரும் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோவிலும் அதே சாலையில்தான் இருக்கிறது. பிறகு ஹொக்கியன்காரர்களின் முறை. குயின் தெருக் கோவிலின் பங்குக் குருவாக இருந்த எமில் மரியெத் அவர்களுக்காகத் துறைமுகத்தை ஒட்டிய கம்போங் பாரு பகுதியில் புனித தெரேசா ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றிலுள்ள ஆலயத்தைப் போன்ற குவிமாடங்கள் கொண்டது அது. அது முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1928-இல் கட்டுமான இடத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தார். கோவில் 1929-இல் மந்திரிக்கப்பட்டது.

இவ்வாறு 60 ஆண்டுகளில் தாய்க் கோவிலிலிருந்து தமிழரும், கேண்டனீஸ், ஹக்கா, ஹொக்கியன் சீனரும் வரிசையாகத் தனிக்குடித்தனம் போனார்கள். எஞ்சியவர்கள் பெரும்பாலும் தியோச்சூ மக்கள். ஒவ்வொரு பிரிவும் கோவிலின் கூட்டத்தைக் குறைத்தது. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்கும் குருவையோ பணத்தையோ மக்களையோ கொடுத்து அனுப்பியதும் அதே கோவில்தான். இதைச் சிதைவு என்று எழுதுவது சரியாகாது. வந்த இடத்தில் ஒரு மொழிக்குழு தன் காலில் நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதற்கு அக்காலத்தில் தனிக் கோவிலைவிட வெளிப்படையான அடையாளம் வேறு இல்லை.

1930-களில் கோவிலின் கவனம் கல்விக்குத் திரும்பியது. அதுவரை கத்தோலிக்கப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. சீனப் பள்ளிகளோ மிஷன்களுக்கு வெளியே இருந்தன. ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளை சீன எழுத்தை மறந்தது. சீனப் பள்ளிக்குப் போன பிள்ளை கோவிலை மறந்தது. கன்னியர் மடம் 1933-இல் பெண்களுக்காகச் சீன மொழிவழிப் பள்ளியைத் தொடங்கியது. 1935-இல் பேதுரு பவுல் கோவிலின் எதுவார் பெஷராஸ் அடிகளார் பையன்களுக்காகச் சீனமும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளியை நிறுவினார். கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி என்று பின்னர் புகழ்பெற்ற அப்பள்ளி, இருமொழிக் கல்வியை அரசு கொள்கையாக ஏற்பதற்கு ஒரு தலைமுறை முன்பே நடத்திக்காட்டியது. சிங்கப்பூரின் மூன்றாவது பிரதமர் லீ சியன் லூங் அங்கே படித்தவர். கோவிலின் 150 ஆண்டுச் சாதனைகளில் நாட்டையே மாற்றிய ஒன்று என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வீழ்ந்த சில நாட்களுக்குள் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்துக் கொன்ற சூக் சிங் படுகொலை தொடங்கியது. கத்தோலிக்கச் சீனர் என்பதால் யாருக்கும் விலக்குக் கிடைக்கவில்லை. உணவுப் பஞ்சம் முற்றியபோது, நகர மக்களை வெளியேற்றிக் காட்டில் விவசாயம் செய்யவைக்கும் திட்டத்தை ஆட்சியாளர் கொண்டுவந்தனர். யூரேசியருக்கும் சீனக் கத்தோலிக்கருக்கும் ஒதுக்கப்பட்ட இடம் நெகிரி செம்பிலானிலுள்ள பஹாவ். ஆயர் அத்ரியான் தெவால் மக்களை அழைத்துக்கொண்டு அங்கே போனார். நகரத்தில் வாழ்ந்து பழகியவர்களுக்கு அந்தக் காட்டு மண் விளைச்சல் தரவில்லை. மலேரியா கொத்துக்கொத்தாகக் கொன்றது. ஆயரும் 1945 ஜனவரியில் அங்கேயே இறந்தார்.

போருக்குப் பின் நடந்த மாற்றம் மெதுவானது, ஆழமானதும்கூட. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை மக்கள் மொழிக்கு வந்தது. பிரசங்கம் மட்டுமல்ல, பூசை முழுவதும் மொழிவாரியாகப் பிரியலாம் என்ற நிலையில், கோவில்கள் மேலும் இனவாரியாக இறுகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மொழிக்குரிய பங்குகள் வட்டாரத்துக்குரிய பங்குகளாக மாற்றப்பட்டன; 1970-களில் லூர்து மாதா கோவிலும் தமிழர் மட்டுமே கூடும் கோவில் என்ற நிலையை விட்டது. நகர மையத்தில் நெருக்கமாக வாழ்ந்த குடும்பங்கள் அரசின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. 1979-இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் தியோச்சூவையும் ஹொக்கியனையும் வீட்டுக்குள்ளேயே ஒடுக்கியது. எந்த மொழிகளின் பெயரால் கோவில்கள் பிரிந்தனவோ அந்த மொழிகளைப் பேரப்பிள்ளைகள் பேசவில்லை. 1972-இல் சிங்கப்பூர் தனி உயர்மறைமாவட்டமானது. 1977-இல் கிரெகரி யோங் அதன் முதல் சீனப் பேராயரானார். பிரெஞ்சுக் குருக்களின் காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி பின்னர் பீஷானுக்கு இடம் மாறியது. குயின் தெருவில் அது விட்டுச்சென்ற கட்டடத்தை 2008-இல் சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகம் தன் கிளைக் கூடமாக்கியது. முதல் சிற்றாலயம் இருந்த பிராஸ் பாஸா சாலை மனையில் எழுந்த சூசையப்பர் கல்விக்கூடக் கட்டடமும் 1996-இல் அதே அருங்காட்சியகத்துக்கு உரியதாகியிருந்தது. பேதுரு பவுல் ஆலயம் 2003 பிப்ரவரி 10 அன்று தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. லூர்து மாதா கோவில் 2005-இலும் புனித தெரேசா ஆலயம் 2010-இலும் அந்நிலையை அடைந்தன. குயின் தெருக் கோவிலின் பொறுப்பு இப்போது கார்மேல் சபைத் துறவியரிடம் இருக்கிறது. பூசை ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் நடக்கிறது. தமிழ்ப் பூசை இன்றும் நடப்பது ஓஃபிர் சாலையின் லூர்து மாதா கோவிலில். பழைய குடும்பங்களோடு, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களும் அங்கே கூடுகிறார்கள்.